128-ஆ, 512-ஆ? பழைய கம்ப்யூட்டர் ஃபயர்வால் ஆகும்போது

பென்டியம் 4 சிப்பின் உலோக மூடியைத் துடைத்துப் பார்த்தால் மூன்று எண்கள் சாய்கோடு போட்டு வரிசையாக நிற்கும்: 2.4 கிகாஹெர்ட்ஸ், 512, 533. அதே காலத்துச் செலரான் சிப்பில் அந்த வரி 2.4, 128, 400 என்று இருக்கும். முதல் எண் கடிகார வேகம். கடைசி எண் பிராசஸரிலிருந்து ரேம் பக்கம் போகும் பாதையின் வேகம். நடுவில் இருப்பது கேஷ், கிலோபைட் கணக்கில். பழைய கம்ப்யூட்டரை விற்பவரும் வாங்குபவரும் முதல் எண்ணோடு பேச்சை முடித்துவிடுவார்கள். மேசை மேல் உட்கார்ந்து பில் அடிக்கப் போகிற கம்ப்யூட்டர் என்றால் அது போதும். ஃபயர்வாலாக ஓடப் போகிறதென்றால் நடு எண்ணையும் பார்க்க வேண்டும். எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதில்தான் வம்பே.

சென்னைக்கு வடக்கே, எண்ணூரை ஒட்டிய வள்ளூர்ப் பக்கம் இது நடைமுறைக் கேள்வி. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறந்தது. இப்போது காமராஜர் துறைமுகம். பிறகு காட்டுப்பள்ளியும் வந்தது. மீஞ்சூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் இடையில் லாரி செட், எடைமேடை, கிடங்கு, கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் என்று சின்னச் சின்ன இடங்கள் முளைத்தன. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவாகாமல் ஒரு கன்டெய்னரும் நகராது. ஆகவே இணையம் எல்லோருக்கும் வேண்டும், அதற்கு முன்னால் ஒரு காவலும் வேண்டும். புது ஃபயர்வால் பெட்டி, அதற்கு வருடா வருடம் லைசென்ஸ் பணம் என்றால் முதலாளி முகம் சுருங்கும். மூலையில் துணி போட்டு மூடிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று எப்படியும் இருக்கும். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது வேலையிழந்த பென்டியம் 4 வம்சம் அது. இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகி, லினக்ஸோ பிஎஸ்டியோ ஏற்றினால் ஃபயர்வால் தயார்.

அது தயாரானதும் என்ன செய்கிறது? வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பையும் படிக்கிறது. யாரிடமிருந்து, யாருக்கு, எந்தக் கதவு எண்ணுக்கு என்று பார்க்கிறது. ஏற்கனவே அனுமதித்த உரையாடலின் தொடர்ச்சியா என்று தன் பட்டியலில் தேடுகிறது. இல்லையென்றால் விதிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. பிறகு விடுகிறது அல்லது கொல்கிறது. பாக்கெட்டுக்குள் இருக்கும் சரக்கை அது பெரும்பாலும் தொடுவதே இல்லை. துறைமுக கேட்டில் டிரெய்லருக்குள் இருபது டன் இருந்தாலும் காலிப் பெட்டியாக இருந்தாலும் பேப்பர் பார்க்க ஆகும் நேரம் ஒன்றுதான். இங்கேயும் அப்படித்தான்.

அதனால் ஃபயர்வாலுக்கு ‘எத்தனை மெகாபிட்’ என்பதைவிட ‘நொடிக்கு எத்தனை பாக்கெட்’ என்பதே சுமை. ஈதர்நெட்டில் மிகச் சிறிய பாக்கெட் 64 பைட். முன்னும் பின்னும் கம்பியில் விட வேண்டிய இடைவெளியைச் சேர்த்தால் 84 பைட். 100 மெகாபிட் லைனை இந்தச் சிறுசுகளால் நிரப்பினால் நொடிக்கு 1,48,809 பாக்கெட்கள் வரும். 1518 பைட் பெரிய பாக்கெட்களால் நிரப்பினால் 8,127 மட்டுமே. லைன் ஒன்றுதான், வேலை பதினெட்டு மடங்கு வித்தியாசம். கேமரா படம் அனுப்பும் போக்குவரத்து பெரிய ரகம். இணையத் தொலைபேசிப் பேச்சு சின்ன ரகம். ஒரு அழைப்பு வழக்கமாக நொடிக்கு 50 பாக்கெட் அந்தப் பக்கம், 50 இந்தப் பக்கம்.

இப்போது நேரக் கணக்கு. ஜிகாபிட் லைனில் சின்ன பாக்கெட்கள் நெருக்கியடித்து வந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் கிடைப்பது 672 நானோ செகண்டு. பென்டியம் 4 காலத்து ரேமில் ஒரு தகவலைத் தேடி எடுத்துவர சுமார் 100 நானோ செகண்டு ஆகும். அதாவது ஒரு பாக்கெட்டுக்காக ஆறு தடவை ரேம் வரை போய்வந்தாலே அவகாசம் கிட்டத்தட்டத் தீர்ந்தது. அந்த 100 நானோ செகண்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் 240 துடிப்புகளைச் சும்மா நின்று கழிக்கிறது. இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் பிராசஸருக்குள்ளேயே கேஷ் என்ற சிறிய, அதிவேக நினைவகம். சமீபத்தில் தொட்டதை அது பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. அங்கே இருந்தால் சுமார் 20 துடிப்பில் கைக்கு வந்துவிடும்.

கேஷ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இன்டெல் நிறுவனமே ஒருமுறை ஊருக்குக் காட்டியது. 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரான் 266 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. இரண்டாம் நிலை கேஷ் சுத்தமாகக் கிடையாது, மலிவாக்க வேண்டுமென்று எடுத்துவிட்டார்கள். திட்டு வாங்கினார்கள். நான்கே மாதத்தில், ஆகஸ்டில், 300ஏ என்ற செலரான் 128 கிலோபைட் கேஷோடு வந்தது. பென்டியம் 2-இல் கேஷ் 512 கிலோபைட் இருந்தாலும் அது பிராசஸரின் பாதி வேகத்தில் ஓடியது. 300ஏ-யில் கேஷ் சிப்புக்குள்ளேயே இருந்ததால் முழு வேகம். பல வேலைகளில் மலிவு செலரான் அண்ணனை எட்டிப் பிடித்தது. அளவை மட்டும் பார்க்கக் கூடாது, எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடிகிறது என்பதும் சேர்த்தி.

ஃபயர்வாலுக்கு எவ்வளவு கேஷ் போதும்? கையால் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான். நாற்பது பேர் உட்கார்ந்த அலுவலகத்தில், ஆளுக்கு நூறு இணைப்பு திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய இணையப் பக்கங்கள் இருக்கும் லட்சணத்துக்கு அது அதிகமில்லை. மொத்தம் 4,000. பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வால் மென்பொருளில் ஒரு இணைப்பின் குறிப்புக்குத் தோராயமாக ஒரு கிலோபைட் என்று கணக்கு வைப்பார்கள். ஆக 4 மெகாபைட். செலரானின் 128-உம் பென்டியம் 4-இன் 512-உம் இதற்கு முன்னால் ஒன்றுதான், இரண்டிலும் அடங்காது.

ஆனால் அந்த 4,000-மும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பதில்லை. முக்கால்வாசி இணைப்புகள் திறந்து வைத்துவிட்டுத் தூங்குகின்றன. இந்த நொடியில் உயிரோடு ஓடுவது ஆயிரம் என்று கொள்வோம். ஒவ்வொரு குறிப்பிலும் முழு ஒரு கிலோபைட்டையும் பிராசஸர் படிப்பதில்லை. முகவரி, நிலை, காலக்கெடு ஆகிய இடங்களை மட்டும் தொடுகிறது. கேஷ் எதையும் 64 பைட் துண்டாகத்தான் எடுத்துவரும். ஒரு இணைப்புக்கு மூன்று துண்டு என்றால், ஆயிரத்துக்கு 192 கிலோபைட். இதோடு நெட்வொர்க் மென்பொருளின் அன்றாடக் கட்டளைகள் சில பத்து கிலோபைட். இப்போது பாருங்கள்: 128-க்கு அடங்காது, 512-க்குள் தாராளமாக அடங்கும். நடு எண்ணுக்கு மதிப்பு வருகிற இடம் இதுதான். இணைப்புகள் இருநூறாக இருந்தால் இரண்டு சிப்பும் சமாளிக்கும். பத்தாயிரம் ஓடினால் இரண்டும் ரேமுக்கு ஓடும். இடைப்பட்ட வரம்பில் மட்டும்தான் கேஷின் அளவு ஆட்டத்தை மாற்றுகிறது.

விதிப் பட்டியலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். லினக்ஸின் ஐபிடேபிள்ஸில் ஒரு விதிக்கு 32-பிட் கம்ப்யூட்டரில் ஏறக்குறைய 150 பைட். ஐந்நூறு விதி 75 கிலோபைட். ஆயிரம் விதி 150 கிலோபைட். ஐந்நூறு செலரானின் கேஷில் உட்கார்ந்துவிடும். ஆயிரம் கொஞ்சம் வழியும், ஆகவே கொஞ்சம் மெதுவாகும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. கேஷ் நிரம்பியதும் பெரும்பாலும் மிகப் பழையதைத்தான் வெளியேற்றும். பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, அடுத்த பாக்கெட்டுக்கு மறுபடி முதல் விதியைத் தேடினால், அதுதான் சற்று முன் வெளியேற்றப்பட்ட விதி. அதை ரேமிலிருந்து கொண்டுவர இன்னொன்றை வெளியேற்ற வேண்டும். அடுத்து தேவைப்படப் போவது அந்த இன்னொன்று. சுற்றிச் சுற்றி, தேவைப்படும் விதி எதுவும் கேஷில் இருப்பதே இல்லை. இருபது கிலோபைட் வழிந்ததற்கு மொத்த கேஷும் பயனற்றுப் போகிறது. சரிவு அல்ல இது, செங்குத்தான பள்ளம். பென்டியம் 4 தலைமுறையில், வரிசையாகப் படிப்பதை மோப்பம் பிடித்து அடுத்த துண்டை முன்கூட்டியே இழுத்துவரும் வசதி இருப்பதால் அடி கொஞ்சம் தணியும். முழுக்கத் தப்ப முடியாது.

ஒரு சின்ன அலுவலகத்துக்கு ஆயிரம் விதி எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். வரும். தொல்லை தரும் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே போனால் இரண்டு வருடத்தில் வந்துவிடும். ஏற்கனவே அனுமதித்த இணைப்பை அப்படியே விடு என்ற விதியைப் பட்டியலின் உச்சியில் வைத்தால், புது இணைப்பின் முதல் பாக்கெட் மட்டும்தான் முழுப் பட்டியலையும் கடக்கும். தடைமுகவரிகளை ஐபிசெட் என்ற தொகுப்பில் போட்டால் ஆயிரம் ஒப்பீடு ஒரே தேடலாகச் சுருங்கும். 2011-இல் வந்த 2.6.39 பதிப்பு முதல் அது லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் செய்யாமல் பெரிய கேஷ் உள்ள சிப்பைத் தேடி அலைவது வீண் வேலை என்பேன்.

எவ்வளவு பெரிய கேஷாலும் தீராத ஒரு தாமதமும் உண்டு. நெட்வொர்க் கார்டு புதுப் பாக்கெட்டை நேராக ரேமில்தான் எழுதுகிறது. அதற்கு முன் யாரும் பார்த்திராத தகவல் அது. கேஷில் எப்படி இருக்கும்? தலைப்பைப் படிக்க ஒரு தடவையாவது ரேம் வரை போய்த்தான் ஆக வேண்டும். பாக்கெட்டை நேராகக் கேஷிலேயே கொண்டுவந்து போடும் வழியை இன்டெல் 2012-இல் ஸியான் இ5 சர்வர் சிப்களில் கொண்டுவந்தது. மூலையில் கிடக்கும் பென்டியத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கார்டின் தரமும் கேஷைத் தின்னும். மலிவு விலையில் எங்கும் கிடைத்த ரியல்டெக் 8139, வந்த பாக்கெட் எல்லாவற்றையும் ஒரே நீளத் தொட்டியில் வரிசையாகக் கொட்டிவிடும். பிராசஸர் ஒவ்வொன்றையும் அங்கிருந்து வேறிடத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும். அனுப்பும்போது மறுபடி பிரதி. தலைப்பைப் பார்த்தால் போதும் என்றிருந்த வேலை, 1,500 பைட்டையும் படித்து எழுதும் வேலையாகிவிடுகிறது. பென்டியம் 4-இன் முதல் நிலைத் தரவு கேஷ் 8 கிலோபைட்தான். பெரிய பாக்கெட் ஒன்றைப் பிரதி எடுக்கவே படிக்க 1.5, எழுத 1.5 என்று 3 கிலோபைட் போய்விடும். அதற்குள் இருந்த பயனுள்ள குறிப்புகள் வெளியே தள்ளப்படும். இன்டெல் ப்ரோ/100, ப்ரோ/1000 வகைக் கார்டுகள் பாக்கெட்டைச் சரியான இடத்தில் தாமே இறக்கிவைக்கும். என்னைக் கேட்டால் செலரானைப் பென்டியம் 4 ஆக்குவதற்கு முன் கார்டை மாற்றச் சொல்வேன்.

உண்மையான எண்கள் வேண்டுமென்றால் சிஸ்கோவின் பிக்ஸ் ஃபயர்வால்களைப் பார்க்கலாம். வெளியே அழகான பெட்டி. உள்ளே நம் மேசையில் இருந்த அதே செலரானும் பென்டியம் 3-உம்தான். 515இ மாடலில் 433 மெகாஹெர்ட்ஸ் செலரான், 128 கிலோபைட் கேஷ். நிறுவனம் சொன்ன வேகம் சுமார் 190 மெகாபிட். 525-இல் 600 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 256 கிலோபைட் கேஷ். வேகம் 330 மெகாபிட். கடிகாரம் 1.4 மடங்குதான் கூடியது, வேகம் 1.7 மடங்கு கூடியது. மிச்சத்துக்குக் காரணம் இரட்டிப்பான கேஷ் என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் ரேம் பக்கம் போகும் பாதையும் 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறியிருந்தது. இரண்டுக்கும் பங்கு உண்டு. பிரித்துக் கொடுக்க முடியாது.

அடுத்த மாடல் 535-தான் ருசியானது. 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3. கேஷ் அதே 256 கிலோபைட். வேகமோ 1,700 மெகாபிட் வரை. கேஷ் ஒரு கிலோபைட்கூடக் கூடவில்லை, கடிகாரம் 1.7 மடங்குகூட ஆகவில்லை. வேகம் ஐந்து மடங்கு! மாறியது கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ பாதை. சாதாரண 32-பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐ நொடிக்கு 133 மெகாபைட் கடத்தும். ஃபயர்வாலில் ஒவ்வொரு பாக்கெட்டும் அந்தப் பாதையை இருமுறை கடக்கிறது, உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. ஆக இரு திசையும் சேர்த்து ஏட்டளவில்கூட 530 மெகாபிட்டுக்கு மேல் தேறாது. 535-இல் 64-பிட், 66 மெகாஹெர்ட்ஸ் பாதைகள். ஒவ்வொன்றும் நான்கு மடங்கு அகலம். பழைய மதர்போர்டில் இரண்டு ஜிகாபிட் கார்டைச் செருகிவிட்டு ‘ஏன் ஜிகாபிட் வரவில்லை’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: விளம்பர வேகங்கள் பெரிய பாக்கெட்களை வைத்துச் சொல்லப்படுபவை. சின்ன பாக்கெட் வந்தால் பாதை காலியாக இருக்கும்போதே பிராசஸர் மூச்சு வாங்கும். கேஷின் பங்கு அங்கேதான் தெரியும்.

கிளை அலுவலகத்தோடு விபிஎன் போட்டிருந்தால் கதை இன்னொரு பக்கம் திரும்பும். மறையாக்கம் கணக்குப் போடும் வேலை. ஏஇஎஸ் முறைக்கு வேண்டிய அட்டவணைகள் சில கிலோபைட்தான். 512-உம் 128-உம் அதற்கு ஒன்றே. 64 கிலோபைட் இரண்டாம் நிலை கேஷ் மட்டுமே கொண்ட வியா சி3 சிப்பின் பிந்தைய வடிவங்களில் ஏஇஎஸ்ஸுக்கென்றே தனிச் சுற்று இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் நொண்டியடித்த அந்தச் சிப், இந்த ஒரு வேலையில் பெரிய பென்டியங்களை வெட்கப்பட வைத்தது.

வள்ளூருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லாமல் விட முடியாது. அனல்மின் நிலையமும் நிலக்கரி லாரியும் சாம்பல் குளமும் கடல் காற்றும் சேர்ந்த இடம். அலுவலகக் கம்ப்யூட்டரைத் திறந்தால் பிராசஸர் விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை படிந்திருக்கும். பிரஷ்ஷால் தட்டினால் ஒட்டிய பாளமாகப் பெயர்ந்து வரும், உப்பு ஈரம் அதை இறுக்கி வைத்திருப்பதால். இந்த நிலையில் பென்டியம் 4 நின்றுபோகாது. சூடு எல்லை தாண்டியதும் துடிப்புகளை இடையிடையே விட்டுவிட்டு ஓடித் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். மூடியில் 2.4 என்று இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு அதில் பாதிதான் வேலை செய்யும். இன்டர்நெட் கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள். கேஷ் எத்தனை என்று ஆராய்வதற்கு முன் ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் புதுத் தெர்மல் பேஸ்ட்டும் நல்லது.

தன் அலுவலகத்தில் எது நெருக்குகிறது என்று தெரிந்துகொள்ள, லினக்ஸில் டாப் கட்டளையைப் போட்டு எஸ்ஐ என்று வரும் சதவீதத்தைக் கவனிக்கலாம். நெட்வொர்க் வேலைக்குப் பிராசஸர் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி அதில் தெரியும். லைன் முழுக்க ஓடும்போது அது 30-ஐத் தாண்டவில்லையென்றால் பிராசஸரிலும் கேஷிலும் குறையில்லை. 100-ஐத் தொட்டால், ஐபெர்ஃப் கருவியில் பெரிய பாக்கெட், சின்ன பாக்கெட் என்று மாற்றி மாற்றி அனுப்பிப் பார்க்க வேண்டும். சின்னதில் மட்டும் விழுந்தால் பிராசஸர் பக்கம் கோளாறு. பெரியதிலும் விழுந்தால் கார்டையோ பிசிஐ பாதையையோ சந்தேகிக்கலாம்.

வாங்குகிறவருக்கு என் கணக்கு இது. ஒரே விலை என்றால் 128-ஐ விட்டு 512-ஐ எடுங்கள். அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க முடியுமென்றால் கோர் 2 டுவோ காலத்து மதர்போர்டு தேடுங்கள்: கேஷ் 2 மெகாபைட்டில் தொடங்குகிறது, கார்டுகளுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் இருக்கிறது, 64-பிட்டும் ஓடும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமல்ல. பிஎஃப்சென்ஸ் 2017-இல் வந்த 2.4 பதிப்போடு 32-பிட் ஆதரவைக் கைவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத ஃபயர்வாலுக்கு எவ்வளவு கேஷ் இருந்து என்ன.

மின்கட்டணமும் இருக்கிறது. 1,500 மெகாவாட் நிலையத்தின் புகைபோக்கி ஜன்னலில் தெரிந்தாலும் யூனிட்டுக்குக் காசு காசுதான். பென்டியம் 4 கம்ப்யூட்டர் ஒன்று 100 வாட் இழுத்தபடி இரவும் பகலும் ஓடினால் மாதம் 72 யூனிட். பிசி எஞ்சின்ஸ் நிறுவனத்தின் பழைய ஏலிக்ஸ் போன்ற உள்ளங்கை அகலப் பலகைகள் 5 வாட்டில், மாதம் 3.6 யூனிட்டில் அதே காவலைச் செய்தன. அதிலிருந்த ஜியோட் சிப்புக்கு 500 மெகாஹெர்ட்ஸ் வேகம், 128 கிலோபைட் இரண்டாம் நிலை கேஷ். 50 மெகாபிட் லைன் வைத்திருந்த லாரி செட்டுக்கு வேகத்தில் அது போதுமாக இருந்தது.